தொழுவத்துக்கு என்ன உடுத்துவது?

கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த வாரம். குடும்பத்தோடு திருவண்ணாமலை சென்று திரும்பிய எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தீபத்தையொட்டி நடக்கும் மாட்டுச் சந்தையில் குதிரைகளும் விற்பனைக்கு நின்றதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அறிவியல் வகுப்பில் எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், குதிரை ஏறணும்னா எந்த மாதிரி துணி போடணும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரைச் சுற்றி மாடு உண்டு, ஆடு உண்டு, குதிரை கிடையாது. ஆனால் அவனுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த மாணவியின் காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வலது கால் பெருவிரலில் துணிக்கட்டு. அதற்கு நானும் ஒரு காரணம்.

ஜூன் மாதத்திலிருந்தே காலை வழிபாட்டுக் கூட்டத்தில், "மாட்டுக் கொட்டகைக்குப் போகும்போது செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்" என்று நான் விடாமல் சொல்லி வந்தேன். கொக்கிப்புழு பற்றிப் பேசியிருந்தேன். அதன் இளம்புழு பாதத்தோல் வழியாகவே உடலுக்குள் நுழைகிறது என்பதைப் படம் வரைந்தும் விளக்கியிருந்தேன். அந்த மாணவி சொல்பேச்சு கேட்பவள். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை ரப்பர் செருப்போடு சாணம் அள்ளப் போயிருக்கிறாள். சரிவான தரை, ஈரச் சாணம். செருப்பு வழுக்கி, விழாமலிருக்க மாட்டின் தும்பைப் பிடித்திருக்கிறாள். மிரண்ட மாடு விரலை மிதித்துவிட்டது. நகம் முழுவதும் பெயர்ந்து பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று, குறை சொல்லும் தொனியே இல்லாமல் சொன்னாள்: "செருப்பு போடாம போயிருந்தா வழுக்கி இருக்காது டீச்சர். வெறுங்கால்னா விரல ஊனிக்குவேன்."

அவள் சொன்னது சரி. வெறுங்கால் தரையைப் பற்றும், ரப்பர் செருப்பு பற்றாது. கொக்கிப்புழுவிலிருந்து காப்பாற்றப் போய் மாட்டின் குளம்புக்குக் கீழே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். "செருப்பு போடு" என்பது அரைகுறை அறிவுரை. எந்த வேலைக்கு, எந்தத் தரையில், எந்த விலங்கின் அருகில் என்று கேட்காமல் நான் கொடுத்த அறிவுரை. அதன்பிறகு நடந்த சில வகுப்புகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

குளம்பின் கணக்கு

பொங்கல் விடுமுறையை ஒட்டி எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். சமவெளியில் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்கிறார். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து லத்தி அள்ளி, வைக்கோல் பரப்பி, குதிரைக்குத் தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்துவிட்டு, பிறகு ஏறிப் பழகுபவர்களுக்குச் சேணம் கட்டிக் கொடுப்பது அவருடைய வேலை. வகுப்புக்கு அழைத்தேன். வேலைக்கு அணியும் பூட்ஸை ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். முதல் வாரம் கான்வாஸ் ஷூவோடு நின்றபோது ஒரு குதிரை அவர் காலில் நின்றுவிட்டதாம். "அது வேணும்னு மிதிக்கல. அதுக்கு என் கால் அங்க இருக்குறதே தெரியாது" என்றார். மாட்டோடு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலையில் நடத்தி முடித்திருந்த "விசையும் அழுத்தமும்" பாடத்துக்கு அங்கிருந்தே திரும்பிப் போனோம். குதிரையின் எடை 400 கிலோ என்று வைத்துக்கொண்டோம். நான்கு கால்களிலும் சமமாக நின்றால் ஒரு காலுக்கு 100 கிலோ, அதாவது ஏறத்தாழ 1000 நியூட்டன். குளம்பின் விட்டம் 12 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 113 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 9 நியூட்டன் அளவில் வருகிறது. அடுத்து எங்கள் ஊர்ப் பசு. ஈரமண்ணில் பதிந்த குளம்புத் தடத்தின் மேல் தாள் வைத்து வரைந்து, கட்டம் எண்ணி, 60 சதுர சென்டிமீட்டர் என்று பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். 280 கிலோ பசு என்றால் ஒரு காலுக்கு 700 நியூட்டன், சதுர சென்டிமீட்டருக்கு 12 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. குதிரையைவிடப் பசுவின் அழுத்தம் அதிகம்! கேள்வி கேட்ட மாணவனுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நடக்கும்போது ஒரு கால் தூக்கியிருக்கும், மற்றக் கால்களுக்குப் பாரம் கூடும். நிற்கும்போதும் குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. குளம்பின் ஓரம் மட்டும் விரலில் பட்டால் பரப்பு நான்கைந்து சதுர சென்டிமீட்டராகச் சுருங்கி அழுத்தம் பல மடங்காகும். கால் கட்டோடு இருந்த மாணவிதான் இந்தக் கடைசிக் கணக்கைப் பலகையில் போட்டாள்.

பழைய மாணவர் காட்டிய பூட்ஸில் விரல் பகுதியில் இரும்புக் கவசம் இருந்தது. பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15298. அதன்படி விரல் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். இருபது கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடச் சொன்னேன். சரியாக 200 வந்தது. தரக் குறியீடு என்பது பெட்டியின் மேல் அச்சடித்த எண் மட்டுமில்லை, பாடப்புத்தகக் கணக்குத்தான் என்று அன்று புரிந்தது. எனக்கும்தான்.

அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த பூட்ஸோடு குதிரை ஏறக் கூடாதாம். அடிப்பகுதியில் ஆழமான வரிகள், முன்பகுதி அகலம். அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டால், விழும்போது கால் வெளியே வராமல் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். ஏறுவதற்கான காலணியில் அடிப்பகுதி கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கும், பின்குதிகால் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயர்ந்திருக்கும். பாதம் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடாமல் தடுப்பது அந்தக் குதிகால்தான். ஆக, லாயத்தைக் கழுவும்போது தரையைப் பற்றும் அடி வேண்டும், சேணத்தில் உட்கார்ந்தபின் எளிதில் விடுபடும் அடி வேண்டும். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு காலணி. உராய்வு நன்மையா தீமையா என்று தேர்வில் கேட்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

துணி மாறினால் தையலும் மாறும்

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். குதிரை ஏறுபவர் கால்களின் உட்பக்கம் சேணத்தில் இடைவிடாமல் உரசுகிறது. தடித்த தையல் அங்கே இருந்தால் ஒரு மணி நேரத்தில் தோல் வழன்றுவிடும். தொளதொளவென்ற துணி சுருண்டு மடிந்து அதே வேலையைச் செய்யும். இறுக்கமாகத் தைத்தால் காலைத் தூக்கி ஏற முடியாது.

இந்தச் சிக்கலுக்கு ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு விடை இருந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை அகலமாகவும், முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலை ஒட்டியும் தைக்கப்பட்ட கால்சட்டை அது. ஜோத்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த சர் பிரதாப் சிங், 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்கு இங்கிலாந்து சென்றபோது அதை அங்கே பரப்பினார் என்பார்கள். இன்றும் உலகம் முழுவதும் அந்த உடைக்கு ஜோத்பூர் என்றே பெயர். அகலம் அழகுக்காக வைத்ததில்லை. அன்றைய நெய்த துணிக்கு இழுபடும் தன்மை கிடையாது. உட்காரவும் ஏறவும் வேண்டிய இடத்தைத் தையலில்தான் தர முடியும். 1958இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்பான்டெக்ஸ் இழை கண்டுபிடிக்கப்பட்ட பின், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் துணிகள் வந்தன. அகலத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. இன்றைய குதிரையேற்றக் கால்சட்டை உடம்போடு ஒட்டியே இருக்கிறது. ஏழாம் வகுப்பில் "பலபடி வேதியியல்" நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரு கால்சட்டையின் கதையை வைத்தே ஒரு பாடவேளையை ஓட்டலாம்.

(நம் பக்கத்துக்கும் குதிரைக்கும் தொடர்பில்லை என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஓசூரை அடுத்த மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கப்பட்டதே இராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத்தான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையைச் சொன்னதும் இரண்டு பேர் பார்த்திருக்கிறோம் என்று கை தூக்கினார்கள்.)

தொழுவ வேலைக்கு எந்தத் துணி என்று பார்க்க, வீட்டிலிருந்து கிழிந்த துணித் துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். பருத்தி வேட்டி, பாலியஸ்டர் புடவை, பழைய சீருடை, கம்பளிச் சட்டையின் நூல் எல்லாம் வந்தன. எரித்துப் பார்க்கும் சோதனையை நானே இடுக்கியில் பிடித்துச் செய்தேன், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு. பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலானது. கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்தது. பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றது. சீருடைத் துண்டில் சாம்பலும் இருந்தது, மணியும் இருந்தது. கலப்பு நூல் என்பதை அவர்களே சொன்னார்கள். அடுப்படியில் குனிந்து வேலை செய்யும்போது எது ஆபத்து என்பதையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஈரம் வேறு கதை. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 8.5 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது 0.4 விழுக்காடுதான். கம்பளி இரண்டையும் மிஞ்சும். வெயிலில் பருத்தியின் இந்தக் குணம் சுகம். ஆனால் மார்கழி விடியலில், தொழுவம் கழுவி நனைந்த பருத்தி உடையோடு நின்றால் அது சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்கள் மலைக் குளிரில் அது இருமலுக்கும் சளிக்கும் வழி. ஆகவே கோடைக்குப் பருத்தி, மழைக்கும் பனிக்கும் சீக்கிரம் காயும் கலப்புத் துணி, அதன்மேல் கம்பளிச் சட்டை என்று முடிவு செய்தார்கள். நான் பருத்தியே எப்போதும் நல்லது என்று சொல்லி வந்தவள். அதையும் திருத்திக்கொண்டேன்.

கண்ணுக்குத் தெரியாதவை

முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை மூடிய கால்சட்டை ஆகியவை மானத்துக்காக மட்டுமில்லை. நம் மாவட்டங்களில் உண்ணிக்காய்ச்சல் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் நோய் அது. பெயர் உண்ணிக்காய்ச்சல் என்றாலும் அதைப் பரப்புவது மாட்டின் மேல் இருக்கும் உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் ஒட்டியிருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுயிரியின் இளம்பருவம். மேய்ச்சலுக்குப் போகிறவர்கள் சட்டையைக் கழற்றிப் புதர்மேல் போட்டுவிட்டு மீண்டும் அணிவது வழக்கம். அதைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண்ணும் காய்ச்சலும் வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

எலிக்காய்ச்சல் தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலப்பதால் வருகிறது, காலில் சிறு வெடிப்பு இருந்தால் போதும். ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் குதிரை லத்தியிலும் இருக்கிறது. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. தடுப்பூசியைப் பிள்ளைகள் பயந்து தவறவிடாமல் பார்த்துக்கொள்வது எந்த பூட்ஸையும்விடப் பெரிய பாதுகாப்பு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையும் அப்படித்தான்.

ஈரத் தொழுவத்துக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸே சரி. 1853இல் ஹிராம் ஹட்சின்சன் என்பவர் பிரான்சில் தொடங்கிய தொழிற்சாலையின் ரப்பர் பூட்ஸ், அங்கே மரக்கட்டைச் செருப்போடு ஈர வயலில் உழைத்த விவசாயிகளிடம் சென்று சேர்ந்தது. நம் ஊரில் அது துப்புரவுப் பணியாளர் அணிவது என்ற எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தையும் வகுப்பில் எடுத்துப் பேச வேண்டும், பேசினோம். ஒரு எச்சரிக்கை: இரவில் வெளியே வைத்த பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடக் கூடாது. தேளுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

கையும் கழுத்தும்: கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. விலங்கு ஓடினால் கயிறு இறுகி விரலையே எடுத்துவிடும். மடித்துப் பிடிக்கலாம், சுற்றக் கூடாது. மோதிரம், வளையல், தொங்கட்டான் எல்லாம் வீட்டில். எங்கள் பெரிய மாணவியர் சீருடையில் துப்பட்டாவுக்குப் பதில் மேல்கோட்டு இருக்கிறது. வீட்டில் தொழுவத்துக்குப் போகும்போதும் அதே முறை நல்லது. துப்பட்டா வேண்டுமென்றால் இடுப்பில் இறுக்கிக் கட்டட்டும்.

மழைக்கோட்டு பற்றி ஒரு வார்த்தை. படபடக்கும் பிளாஸ்டிக் கோட்டு குதிரையையும் மாட்டையும் மிரட்டும். பொத்தான் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, விலங்கு பார்க்கும்படி மெதுவாகப் போனால் தொல்லை குறையும். சிவப்பு நிறம் மாட்டை வெறியேற்றும் என்று ஒரு மாணவன் சொன்னான். மாடும் குதிரையும் நம்மைப்போலச் சிவப்பைப் பிரித்தறிவதில்லை. அவற்றை மிரட்டுவது துணியின் அசைவு.

குதிரை ஏற விரும்பும் மாணவனுக்குத் தலைக்கவசமும் சொன்னேன். இருசக்கர வாகனத் தலைக்கவசத்தின் தரம் வேறு, குதிரையேற்றத்துக்கான தரம் வேறு. ஒரு முறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

பெற்றோரிடம் பேசியது

மலைப்பகுதிப் பள்ளி என்பதால் எங்கள் பிள்ளைகளுக்குச் சீருடையோடு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை ஆகியவற்றை அரசு விலையில்லாமல் தருகிறது. பல வீடுகளில் அவை அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கும், பிள்ளை வெறுங்காலோடு தொழுவத்தில் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தாய் கேட்டார்: "பூட்ஸ தொழுவத்துக்குப் போட்டுட்டா இஸ்கூலுக்கு என்னாத்த போடுவா டீச்சர்?" நியாயமான கேள்வி. எனக்குப் பதில் இல்லை.

பதில் சொன்னவர் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா. "போன வருசத்துது எங்க?" என்றார். போன வருடத்தது அளவு சிறியதாகி மூலையில் கிடக்கும். இவன் காலுக்குச் சேராதது இன்னொரு வீட்டில் சின்னவனுக்குச் சேரும். அந்த வாரமே பழைய பூட்ஸ்களை வாங்கி, கழுவி, அளவு வாரியாக அடுக்கினோம். ஒன்பதாம் வகுப்பு மாணவியரில் இருவருக்குத் தையல் தெரியும். பழைய சீருடைச் சட்டைகளில் அரைக்கையோடு வேறு துணியை இணைத்து முழுக்கையாக்கினார்கள். நிறம் ஒட்டவில்லை என்று சிணுங்கியவர்களிடம், மாடு அதைக் கவனிக்காது என்றேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். தொழுவ உடைக்கென வீட்டு வாசலுக்கு வெளியே ஓர் ஆணி அடிக்க வேண்டும். அதே உடையோடு அடுப்படிக்கும் படுக்கைக்கும் போகக் கூடாது. இரண்டு மாதம் கழித்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். பெரும்பாலான வீடுகளில் ஆணி இருந்தது. சிலவற்றில் ஆணியில் பால் தூக்கு தொங்கியது, உடை திண்ணையில் கிடந்தது. பூட்ஸ் வெயில் காலத்தில் கால் வேகிறது என்று இருவர் நிறுத்திவிட்டார்கள். உண்மைதான், வேகும். பங்குனி, சித்திரையில் காய்ந்த தொழுவத்துக்குப் பின்வார் வைத்த பழைய பள்ளிச் செருப்பு போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் ரப்பர் செருப்பு வேண்டாம் என்றேன்.

கால் அடிபட்ட மாணவிக்கு நகம் பாதி வளர்ந்திருக்கிறது. அவளுக்கு அளவாகக் கிடைத்த பூட்ஸ் ஒரு விரல்கடை பெரிது. முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்கிறாள். வழுக்குகிறதா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், ஆனா மாடுதான் அந்தச் சத்தத்துக்கு முதல்ல ரெண்டு நாள் மொறச்சுது" என்றாள்.